கன்று இலவசம், தண்ணீர் யார் கணக்கு?

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. சென்னையின் தெற்குப் புறநகர். பன்னிரண்டு தெரு, லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த 40 சென்ட் ஓ.எஸ்.ஆர். நிலம், அதன் விளிம்பில் ஒரு மழைநீர் வடிகால். இந்த ஆறு வருடத்தில் மரம் வைக்கப் பணம் கேட்டு நான்கு இடங்களில் மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் கிடைத்தது. கிடைத்த இரண்டில் ஒன்றில்தான் மரம் வந்தது.

பக்கத்து நகர்ச் சங்கங்களிலிருந்து "எங்க சார் கேட்டா கிடைக்கும்?" என்று இப்போதும் போன் வருகிறது. அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வனத்துறைக் கன்று, நமக்கு நாமே திட்டம், கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணம், மத்திய அரசின் நகர்வனத் திட்டம், ரோட்டரி மாதிரியான சங்கங்கள், கடைசியாக நம் வீட்டுச் சந்தா. இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு "நிதியுதவி" என்று பேசுவதால்தான் குழப்பம். ஒவ்வொரு பணமும் ஒரு செலவுக்குக் கைகொடுக்கும், இன்னொரு செலவுக்குக் கைவிரிக்கும்.

எந்தச் செலவு என்று தெரிய, மனு எழுதும் முன் ஒரு தண்ணீர்க் கணக்கு போட்டுப் பாருங்கள். 200 கன்று நடுகிறோம். வேர் பிடிக்கும்வரை வாரத்துக்கு இரண்டு முறை, தடவைக்குப் பத்து லிட்டர் என்றால் வாரம் 4,000 லிட்டர். தை பிறந்தால் சென்னையில் மழை ஓய்ந்துவிடும். ஆடி வரை 30 வாரம் என்று வைத்தால் 1,20,000 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் லாரியில் 20 லோடு. இது முதல் கோடைக்கு மட்டும். இரண்டாம் கோடைக்கு அதில் பாதி, மூன்றாவதற்குக் கால் என்று குறைத்துக்கொண்டே போனாலும் மொத்தம் 35 லோடு. லாரி தெருமுனையில் வந்து நின்றால் போதாது, ஹோஸைப் பிடித்துக் கன்று கன்றாக நின்று ஊற்ற ஓர் ஆள் வேண்டும். அவருக்குக் கூலி வேண்டும். கன்று, குழி, எரு எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் செலவின் பக்கத்தில் நிற்காது. ஆனால் மனுப் படிவங்களில் பெரிய கட்டம் கன்றுக்கும் நடவுக்கும்தான் இருக்கும். தண்ணீர் 'இதர செலவு' என்ற கடைசி வரியில் ஒதுங்கியிருக்கும்.

வனத்துறைக் கன்று

பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022 செப்டம்பர் 24 அன்று முதலமைச்சர் வண்டலூரில் தொடங்கிவைத்தார். மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது அதன் இலக்கு. அதற்காக மாவட்டந்தோறும் வனத்துறை நாற்றங்கால்கள் நாட்டு மரக் கன்றுகளை வளர்த்துத் தருகின்றன. இடத்தின் விவரம், எத்தனை கன்று, என்ன ரகம், யார் பராமரிப்பது என்று எழுதி மாவட்ட வன அலுவலரிடமோ சரகத்திலோ கேட்கலாம். இருப்பதிலேயே சுலபமான கதவு இதுதான். பதிவு, தணிக்கை, மூன்று வருட அனுபவம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் கிடைப்பது கன்று மட்டும். வண்டி நாம் பிடிக்க வேண்டும், குழி நாம் எடுக்க வேண்டும். கன்றின் உயரம் இன்னொரு பிரச்சினை. தோப்புக்கும் காட்டு ஓரத்துக்கும் முழங்கால் உயரக் கன்று போதும், சொல்லப்போனால் அதுதான் நன்றாக வேர் பிடிக்கும். தெருவோரத்தில் அதே கன்று, இருசக்கர வண்டியின் சைடு ஸ்டாண்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே ஒரு வாரம் தாங்காது. தெருவுக்கு ஆறடிக்கு மேல், தண்டு பெருவிரல் கனம் வேண்டும். அதனால் நாற்றங்காலுக்குப் போகிறவர் பெரிய பையில் இருக்கும் கன்று எது என்று கேட்டு, வேர் பைக்குள் சுருண்டிருக்கிறதா என்று ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்து எடுக்க வேண்டும். எண்ணிக்கையை நிரப்ப இருப்பதை ஏற்றிவரக் கூடாது. நான் ஒரு முறை ஏற்றிவந்தேன். வடிகால் ஓரம் நட்ட புங்கன்கள் பிழைத்தன. தெருவில் நட்டவை ஆயுதபூஜைக்கு வாழைக்கன்று கட்டிய இடங்களில் கயிறோடு வந்துவிட்டன.

கன்றே வாங்காமல் வேலை முடிகிற வழியும் உண்டு. பூவரசுக்குப் போத்து போதும். மணிக்கட்டு கனத்தில் ஆளுயரக் கிளை வெட்டி, மேல்முனையில் சாணியை அப்பி, ஐப்பசி மழையில் ஊன்றினால் துளிர்த்துவிடும். எங்கள் மூன்றாவது தெருவில் நிற்கும் ஏழு பூவரசும் அப்படி வந்தவை. இதற்கு எந்தத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது, எந்த அதிகாரியும் வந்து போட்டோ எடுக்கமாட்டார்.

நமக்கு நாமே

தெருச் சங்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு திட்டம் இருக்கிறதென்றால் அது இதுதான். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, நடுவில் மங்கி, 2021-க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றது. கணக்கு எளிது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். நீர்நிலைப் பணி என்றால் மக்கள் பங்கு பாதி. பூங்கா, மரம் நடுதல், சுற்றுவேலி எல்லாம் இதற்குள் வரும். 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு என்றால் நாம் 1 லட்சம் புரட்டினால் போதும். அந்தத் தொகையைத் தனிநபர் கட்டலாம், சங்கம் கட்டலாம், ஒரு கம்பெனியும் கட்டலாம்.

நடைமுறை இப்படி. வேலை என்ன, இடம் எது என்று எழுதி மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு மனு. உதவிப் பொறியாளர் இடம் பார்த்து எஸ்டிமேட் போடுவார். நம் பங்கை வரைவோலையாகவோ காசோலையாகவோ கட்ட வேண்டும். பிறகு நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு. மக்கள் பங்கு 50 சதவீதத்தைத் தொட்டால் டெண்டர் இல்லாமல் நாமே வேலையை எடுத்துச் செய்ய வழியிருக்கிறது. இந்த ஒரு விதிக்காகவே நான் பாதித் தொகையைத் திரட்டச் சொல்வேன். டெண்டர் எடுப்பவர் பெரும்பாலும் சாலை, வடிகால் வேலை பார்ப்பவர். அவர் கையில் கன்று, சிமென்ட் மூட்டை இரண்டும் ஒன்றுதான். குழி இரண்டடிக்கு இரண்டடி என்று எஸ்டிமேட்டில் இருந்தாலும், கடப்பாரை சரளையில் இடித்த இடத்தில் நின்றுவிடும். மரத்தைச் சுற்றி அழகாக டைல்ஸ் பதித்துத் தண்டை நெரித்துவைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

எஸ்டிமேட் போடும் நாளில் பொறியாளர் பக்கத்தில் நின்றால் பாதிச் சண்டை மிச்சம். மரக்கூண்டின் உயரம், அது திறந்து கழற்றக்கூடியதா, குழியில் பழைய மண்ணுக்குப் பதில் செம்மண்ணும் தொழுவுரமுமா, தண்டைச் சுற்றி எவ்வளவு இடம் திறந்திருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் எழுதப்பட்டால்தான் நடக்கும். எங்கள் எஸ்டிமேட்டில் கூண்டுக்குக் கதவு இல்லை. பற்றவைத்த முழுக்கூண்டு. நான்காவது வருடம் ஒரு நீர்மருதின் பட்டை கம்பியைச் சுற்றிச் சதை போட்டு மூடிவிட்டது. கம்பியறுக்கும் மெஷினோடு ஒருவரை வரவழைத்து, மரத்துக்குள் போன துண்டை உள்ளேயே விட்டுவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் வெட்டினோம். கூண்டு வைக்கப் பணம் தரும் திட்டம் பல. கூண்டை எடுக்கப் பணம் தரும் திட்டம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

இந்தத் திட்டத்தின் பலவீனம் காலம். மனுவிலிருந்து வேலை உத்தரவு வரை எத்தனை மாதம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நடுவே மன்றத் தீர்மானம், தேர்தல் அறிவிப்பு, பொறியாளர் மாறுதல் எல்லாம் வரும். ஐப்பசியில் நட நினைப்பவர் தை, மாசியிலேயே மனுவைக் கொடுத்துவிட வேண்டும். நல்ல பக்கம், மரம் உள்ளாட்சியின் சொத்தாகப் பதிவாகிறது. நாளைக்கு யாராவது கார் நிறுத்த இடைஞ்சல் என்று வெட்ட வந்தால் கேட்க ஒரு காகிதம் இருக்கும். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பதிவேட்டில் ஏறிய மரத்துக்கு அந்த விதியைக் காட்டிப் பேசுவது சுலபம்.

கம்பெனிப் பணம்

பெரிய தொகை இங்கேதான். பெரிய ஏமாற்றமும் இங்கேதான் எங்களுக்கு வந்தது.

2013-ம் வருட கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு தெரிந்ததுதான். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எந்தெந்தப் பணிக்குச் செலவழிக்கலாம் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சுற்றுச்சூழலும் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் என்று தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கும் எங்கள் பக்கத்தில், கம்பெனி தன் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்வதும் நமக்குச் சாதகம்.

ஆனால் நலச்சங்கத்தின் பெயரில் காசோலை வாங்க முடியாது என்பது போய்க் கேட்டபிறகுதான் தெரியும். வெளி அமைப்பு மூலம் வேலை செய்தால், அந்த அமைப்புக்கு வருமான வரிச் சட்டப்படி 12ஏ, 80ஜி என்ற வரிச்சலுகைப் பதிவுகள் வேண்டும். இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தைத் தாக்கல் செய்து எண் வாங்கியிருக்கவும் வேண்டும். 1975-ம் வருடச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்து, வருடத்துக்கு ஒரு பொதுக்குழுவும் ஒரு பொங்கல் விழாவும் நடத்தும் நம்மைப் போன்ற சங்கத்திடம் இதெல்லாம் இருக்காது. எனவே காகிதம் உள்ள ஓர் அறக்கட்டளையோடு சேர வேண்டும். பணம் அவர்களிடம், மரம் நம் தெருவில், கம்பெனி எங்கேயோ. இந்த மூன்று முனைகளுக்கும் நடுவே எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் முதல் கோடையில் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

நாங்கள் பார்த்தோம். ஒரு நிறுவனம் 300 கன்றுக்குச் சம்மதித்தது. பெயர் வேண்டாம், நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்தான். ஐப்பசியில் பேச ஆரம்பித்தோம். தையில் ஒப்புதல் வந்தது. பணம் விடுவித்தது மார்ச் முதல் வாரம். "மார்ச் 31-க்குள்ள முடிச்சு பில் குடுத்துடுங்க சார்" என்றார் அவர்கள் தரப்பு அதிகாரி, பாவம் அவருக்கு அவர் கணக்கு. பங்குனி வெயிலில் பேனர் கட்டி, தொப்பி போட்டு, 300 கன்றையும் ஒரே காலையில் நட்டோம். பதினொரு மணிக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். கத்திரி தொடங்கும் முன்பே வேம்புகள் இலை கொட்ட ஆரம்பித்தன. அடுத்த மார்ச்சில் நோட்டுப் புத்தகத்தோடு நடந்து எண்ணினேன். 71 இருந்தது. அதில் டீக்கடை வாசலில் கிளாஸ் கழுவிய தண்ணீர் குடித்து வளர்ந்த நான்கும், இஸ்திரி வண்டிக்கார அக்கா தினம் ஒரு குடம் ஊற்றிய இரண்டும்தான் தலைக்கு மேல் போயிருந்தன. அக்காவிடம் கேட்டதற்கு, "வண்டிக்கு நிழல் வேணும்ல சார்" என்றார்.

இந்தத் தவறு அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, நம் மழை புரட்டாசி கடைசியில் தொடங்குகிறது. கம்பெனியின் நாட்காட்டியும் வடகிழக்குப் பருவமழையின் நாட்காட்டியும் சண்டைக்காரப் பங்காளிகள் மாதிரி. இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 'தொடர் திட்டம்' என்று முதலிலேயே ஒப்புதல் வாங்கிவிட்டால், தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று நிதியாண்டு வரை நடத்தலாம். செலவாகாத தொகையை மார்ச் 31 முடிந்து 30 நாளுக்குள் தனிக்கணக்கில் போட்டுவைத்து அதிலிருந்து எடுக்கலாம். நடவுக்கு ஒரு வரி, மூன்று வருடப் பராமரிப்புக்கு மூன்று வரி என்று பட்ஜெட்டைப் பிரித்துக் காட்டினால் அவர்களுடைய கணக்காளரும் ஒத்துக்கொள்வார். ஒரு நாள் நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று அரசே விளக்கம் கொடுத்திருக்கிறது. எனவே விண்ணப்பத்தின் தலைப்பில் 'மரம் நடு விழா' என்று இருந்தால் அந்த 'விழா'வை அடித்துவிடுங்கள்.

கம்பெனிகளுக்குப் பிடித்தது மியாவாக்கி. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை. சதுர மீட்டருக்கு மூன்றுக்கு மேல் நெருக்கி நடுவார்கள். எங்கள் 40 சென்ட்டில் அப்படி நட்டால் 4,800 கன்றைத் தாண்டும். ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ள அருமையான எண். ஆனால் அந்த 40 சென்ட்டில்தான் பிள்ளைகள் சாயங்காலம் பந்து விளையாடுகிறார்கள். நான் மியாவாக்கிக்கு எதிரி இல்லை. குப்பை கொட்டும் மூலை, வேலிக்குள் விடக்கூடிய இடம், ஆழமாகத் தோண்டி எரு கலக்கப் பணம், இரண்டு மூன்று வருடம் தவறாத தண்ணீர், இவ்வளவும் இருந்தால் நன்றாகவே வருகிறது. சென்னை மாநகராட்சி 2020 தொடக்கத்தில் கோட்டூர்புரத்தில் அப்படி ஒன்றை வைத்தது. அதே கோட்டூர்புரத்தில் 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் 2006 முதல் பொதுப்பணித் துறை நிலத்தில் கைவேலையாகவே வளர்த்த மரப்பூங்காவும் இருக்கிறது. ஒன்று பணத்தால் வேகமாக வந்தது, மற்றது ஞாயிற்றுக்கிழமைகளால் மெதுவாக வந்தது. விண்ணப்பம் எழுதும் முன் ஒரு காலை இரண்டையும் போய்ப் பார்த்துவிடுங்கள். உங்கள் சங்கத்தில் இரண்டில் எது அதிகம் இருக்கிறது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தெரிந்துவிடும்.

நமக்கு எட்டாதவை

நகர்வனத் திட்டம் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மத்திய அரசு 2020-ல் அறிவித்தது, காடு வளர்ப்பு ஈட்டு நிதியிலிருந்து ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய் வரும். ஆனால் நகர்வனத்துக்கு 10 முதல் 50 ஹெக்டேர் வேண்டும், அதன் தம்பியான நகர் வாடிகைக்கே குறைந்தது ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் வேண்டும். வனத்துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். உங்கள் ஊரில் ஏரிக்கரைப் புறம்போக்கு பெரிதாக இருந்தால் கவுன்சிலரிடம் சொல்லி ஆணையர் காதில் போடலாம், அவ்வளவுதான்.

ரோட்டரி 2021 ஜூலை முதல் சுற்றுச்சூழலையும் தன் பணித் துறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அவர்களுடைய உலகளாவிய மானியம் 30,000 டாலருக்குக் குறையாத திட்டங்களுக்கானது, வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கைகோக்க வேண்டும். நமக்கு அது வேண்டாம். உள்ளூர்ச் சங்கம் தன் கையிலிருந்து தரும் சின்னத் தொகை, இருபது கூண்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி என்று கேட்டால் சீக்கிரம் நடக்கும். கல்வெட்டில் பெயர் போட இடம் மட்டும் விட வேண்டும்.

வேளாண்துறையின் பசுமைப் போர்வை இயக்கத்தையும் சிலர் சொல்வார்கள். அது விவசாயிகளின் வரப்புக்கும் வயலுக்கும். ஆனால் அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. கன்றை இலவசமாகக் கொடுத்ததோடு நிற்காமல், இரண்டாம் வருடத்திலிருந்து பிழைத்திருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வருடம் 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். தொகை சின்னது. ஆனால் நட்டதற்கு அல்ல, நிற்பதற்குக் கூலி. எங்கள் தெருவில் தண்ணீர் விடும் அண்ணனோடு இப்போது பேசிவைத்திருப்பதும் அதே மாதிரிதான். மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு வேலைக்கு, கால் பங்கு மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்து இலை விட்டிருக்கும் கன்றுக்கு. ஆடு கடித்த கன்றுக்கு அவரைப் பிடிக்கமாட்டோம். காய்ந்த கன்றுக்குப் பிடிப்போம்.

சந்தா

கௌரவமில்லாத பணம் என்று சங்கங்கள் இதை ஒதுக்குகின்றன. எனக்கு இப்போது இதன்மேல்தான் நம்பிக்கை. 150 வீடு, மாதம் 50 ரூபாய் என்றால் 7,500. வருடம் 90,000. லாரித் தண்ணீரும் கூலியும் 60 கன்று அளவுக்கு இதில் அடங்கும், 200 கன்றுக்கு அடங்காது. இந்த வரம்பு நல்லது. எத்தனை கன்று கேட்பது என்ற கேள்விக்கு அதுவே விடை. வெளியிலிருந்து பணம் எவ்வளவு வந்தாலும், நம் சந்தா எத்தனைக்குத் தண்ணீர் ஊற்றுமோ அத்தனைதான் நட வேண்டும். எல்லா வீடும் தராது. மூன்றில் ஒரு வீடு "என் வாசல்ல மரமே வேண்டாம், குப்பை" என்று சொல்லும். அந்த வாசலில் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு இரவில் வெந்நீர் போகும், காலையில் யாருக்கும் எதுவும் தெரியாது.

இப்போது தேர்வுக்கு வருவோம். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள் என்பதுதான் என் முடிவு. புதிதாகத் தொடங்கும் சங்கம் என்றால் முதல் வருடம் வனத்துறைக் கன்று, சந்தாத் தண்ணீர், ரோட்டரியிடம் கொஞ்சம் கூண்டு. ஐம்பது அறுபது கன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாம் வருடம், பிழைத்த மரங்களின் படத்தோடு நமக்கு நாமே. குழி, மண், கழற்றும் கூண்டு, வடிகால் ஓரத்தில் ஒரு தரைத்தொட்டி, முடிந்தால் ஆழ்துளைக் கிணறு என்று மராமத்துக் காரியங்களுக்கு அந்தப் பணம் பொருத்தம். கம்பெனிக்கு மூன்றாம் வருடம் போனால் போதும். அப்போது கையில் எண்ணிக்கை இருக்கும், அதைப் பார்த்துவிட்டு அவர்கள் நம்மைத் தேடி வருவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது கன்று அல்ல, மூன்று வருடத் தண்ணீரும் கூலியும். ஏக்கர் கணக்கில் நிலம் கையில் இருக்கும் ஊராட்சி, கல்லூரி, கோயில் நிர்வாகம் என்றால் இந்த வரிசை மாறும். அவர்கள் முதலிலேயே தொடர் திட்டமாகக் கம்பெனியைக் கேட்கலாம். ஆள் இருக்கிறது, வேலி இருக்கிறது, கிணறு இருக்கிறது.

ரகம் எழுதும் கட்டத்தையும் சும்மா நிரப்பக் கூடாது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் குறுக்கே கிடந்தவை பெரும்பாலும் அலங்காரத்துக்கு வைத்த வெளிநாட்டு மரங்கள்தான். மின்கம்பி போகும் பக்கம் மந்தாரை, பவளமல்லி. கம்பியில்லாத பக்கம் புங்கன், மகிழம், புன்னை. வடிகால் ஓரம் நீர்மருது, நாவல். இடம் மாறிப்போனால் மின்வாரியம் வருடா வருடம் வந்து மரத்தை ஒரு பக்கம் மட்டும் சிரைத்துவிட்டுப் போகும். டெண்டர்காரர்கள் சீக்கிரம் பச்சை காட்ட வைத்துக்கொண்டிருந்த கோனோகார்ப்பஸுக்கு 2025-ல் தமிழக அரசே தடை போட்டுவிட்டது. பட்டியலில் அது இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் வந்தபின் நிர்வாகம் என்பது பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கன்றுக்கும் எண், எந்த வீட்டெண் எதிரில், என்ன ரகம், நட்ட தேதி. பின்னால் வருடத்துக்கு இரண்டு கட்டம், சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று. அந்தக் கட்டத்தில் உ, வா, கா என்று மூன்று எழுத்து போதும். உயிரோடு, வாட்டம், காய்ந்தது. செல்போனில் இடக்குறியோடு அதே கோணத்தில் படம். பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும்போது ஆடிட்டருக்குக் கொடுக்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. திட்டப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சந்தாவும் மானியமும் ஒரே கணக்கில் விழுந்தால் பிரித்துக் காட்டவே ஒரு வருடம் போகும். எரு கொண்டுவரும் மாட்டுக்காரரிடம் ஜி.எஸ்.டி. பில் கிடைக்காது. அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட ரசீது வாங்கிவையுங்கள், தேதியோடு. எங்கள் கணக்கில் ஆடிட்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

காய்ந்த எண்ணிக்கையை மறைக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 71-ஐ நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். எந்த மாதம் எத்தனை காய்ந்தது, ஏன் என்று ஒரு பக்கம் சேர்த்து. நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் நகலை நமக்கு நாமே மனுவோடு இணைத்தபோது உதவிப் பொறியாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப தண்ணித் தொட்டிய எஸ்டிமேட்ல முதல்ல போடுவோம்" என்றார்.

இந்த வருடச் சந்தா 112 வீடுகளிலிருந்து வந்திருக்கிறது. அதை வைத்து எண்ணினால் 45 கன்று. நாற்றங்காலுக்கு எழுதிய கடிதத்தில் அந்த எண்தான் இருக்கிறது. குழி எடுக்கும் ஆள் ஆவணி கடைசியில் வருகிறேன் என்றிருக்கிறார்.